சிவப்பாக எரியும் ஸ்கெட்ச்: ரெஃபரன்ஸ் ஏன் தொலைகிறது, எப்படித் திரும்பக் கட்டுவது

அடித்தட்டில் ஒரு சின்ன வெட்டுத்தான் போட்டீர்கள். திரும்பிப் பார்த்தால் இடது பக்கத்து ஃபீச்சர் பட்டியலில் (தடிப்பாக்கு, துளை போடு, வெட்டு என்று மாடலைக் கட்டிய படிகளின் பட்டியல்) பாதி சிவப்பாக எரிகிறது. போல்ட் துளைகளைக் காணோம். விலாத் தகடு எங்கேயோ தொங்குகிறது. ஸ்கெட்ச்சை, அதாவது ஒரு படிக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தை, திறந்தால் கோடுகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு இல்லை. எந்த முகத்தை, எந்த விளிம்பைப் பிடித்து நிற்பது என்ற குறிப்புக்குத்தான் ரெஃபரன்ஸ் என்று பெயர், அது தொலைந்துவிட்டது. கணினியில் பாகம் வரையும் கேட் மென்பொருளில் கொஞ்ச நாள் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. நிறையப் பேர் அடுத்து செய்வது, சிவப்பாக இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி வரைவது. முக்கால்வாசி நேரம் அதற்குத் தேவையே இல்லை. சொல்லப்போனால் சேதம் பெரிதாவதே அப்படி அழிப்பதால்தான்.

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை மாதிரி தோட்டத்துச் சிற்றூர்ப் பட்டறைகளில் இந்தத் தொல்லை கூடுதலாக வரும். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, தோட்டத்து வேலையின் வேகத்தையே எண்ணெய் ஆலைதான் முடிவு செய்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் கன்வேயர் நின்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பழைய பாகத்தை அளந்து, வரைந்து, தகடு வெட்டி, வெல்டிங் முடித்து அனுப்ப வேண்டும். நடுவில் போர்மேன் போன் போட்டு, "அந்தப் பக்கம் ஒரு பைப் போகுது, கொஞ்சம் வெட்டி விடுங்க" என்பார். கல்லூரியில் செய்யும் பயிற்சி மாடலை ஒரு தடவை வரைந்தால் வேலை முடிந்தது. பட்டறை மாடலை யாராவது திறந்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரெஃபரன்ஸ் தொலைவது வரையும்போது இல்லை, மாற்றும்போதுதான்.

பாராமெட்ரிக் மென்பொருள் கோப்பில் வைத்திருப்பது வடிவத்தை என்பதைவிட, வடிவம் உண்டான வரிசையை. இந்த ஸ்கெட்ச்சை வரை, இத்தனை மில்லிமீட்டர் தடிப்பாக்கு, அதன் மேல் முகத்தில் இன்னொரு ஸ்கெட்ச் வை, துளை போடு, முனையை வளை. எங்கே ஒரு எண்ணை மாற்றினாலும் அந்த இடத்திலிருந்து கீழே உள்ளதை எல்லாம் மறுபடி கணக்கிடும். 1985இல் சாமுவேல் கைஸ்பெர்க் தொடங்கிய நிறுவனம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் ப்ரோ/இன்ஜினியர் வழியாக இந்த முறையைப் பரவலாக்கியது. 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்வென்டர், ஃப்யூஷன், ஃப்ரீகேட் எல்லாம் அடிப்படையில் இதே வழிதான். "அதன் மேல் முகத்தில்" என்று எளிதாகச் சொல்லிவிட்டோமே, சிக்கல் முழுக்க அந்த இடத்தில் இருக்கிறது. எது மேல் முகம்? மறுபடி கணக்கிட்டு முடித்த பிறகு பழைய முகங்கள் இருக்காது. எல்லாம் புதிதாகப் பிறந்தவை. அவற்றில் நேற்றைய மேல் முகம் எது என்று மென்பொருள் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு பேரிங் பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தட்டு 200க்கு 120 மி.மீ., தடிப்பு 12. மேல் முகத்தில் நான்கு 14 மி.மீ. துளைகள், எம்12 போல்ட்டுக்கு. நடுவில் ஒரு விலாத் தகடு, அதன் மேல் பேரிங் உட்காரும். செவ்வகத்தைத் தடிப்பாக்கினால் 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. பழைய ஃப்ரீகேட் இவற்றுக்கு வரிசையாக எண் போடும்: ஃபேஸ்1, ஃபேஸ்2 என்று. இந்தத் தட்டில் மேல் முகம் ஃபேஸ்6. துளைகளின் ஸ்கெட்ச் "நான் ஃபேஸ்6 மேல் உட்கார்ந்திருக்கிறேன்" என்று எழுதி வைத்துக்கொள்ளும்.

இப்போது பைப்புக்காக முன்பக்க நீள விளிம்பின் நடுவில் 40 மி.மீ. அகலம், 30 மி.மீ. ஆழம் வெட்டுகிறோம். சுற்றுக்கோடு 4 கோடுகளிலிருந்து 8 ஆகிறது. தட்டுக்கு இப்போது 10 முகம், 24 விளிம்பு, 16 முனை. மேல் முகம் ஃபேஸ்10 ஆகிவிட்டது. ஃபேஸ்6 இன்னும் இருக்கிறது, ஆனால் அது ஏதோ ஒரு பக்கச் சுவர். ஸ்கெட்ச் சொன்ன பேச்சைக் கேட்டு, 12 மி.மீ. உயரச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துளைகளில் சில சுவருக்கு வெளியே, சில தட்டின் உள்ளே குறுக்காக.

லயத்து வீடுகளை "ஆறாவது வீடு" என்று எண்ணிச் சொல்வது மாதிரிதான் இது. வரிசையின் முன்னால் இரண்டு வீடு கூடுதலாகக் கட்டினால், ஆறாவது வீட்டைத் தேடி வருபவர் வேறு குடும்பத்தின் கதவைத் தட்டுவார். "குழாயடிக்கு எதிர் வீடு, கங்காணி வீட்டை ஒட்டினது" என்று சொல்லியிருந்தால் தப்பாது. வணிக மென்பொருள்கள் வெகு காலமாகச் செய்துவருவது இரண்டாவது முறையை: இந்த முகம் முதல் ஸ்கெட்ச்சின் எந்தக் கோட்டிலிருந்து, எந்த ஃபீச்சரால் பிறந்தது, அக்கம்பக்கத்தில் எந்த முகங்கள் என்று வம்சத்தோடு பெயர் வைப்பது. 1990களின் நடுவில் ஜிரி க்ரிபாக்கும், தனியாக கிறிஸ்டோஃப் ஹாஃப்மன் குழுவினரும் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் இந்தத் துறையில் அடிப்படை. ஃப்ரீகேட் அந்த வழிக்கு வர நாளாயிற்று. ரியல்தண்டர் என்ற பெயரில் எழுதும் நிரலாளர் தன் தனிக் கிளையில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை எடுத்து, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் சேர்த்தார்கள். இன்னும் 0.21 அல்லது அதற்கு முந்தியதை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே தப்பான முகத்தில் உட்கார்ந்துவிட்ட பழைய கோப்பு புதிய பதிப்பில் திறந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அதைக் கையால்தான் நிமிர்த்த வேண்டும்.

வம்சப் பெயர் வைத்தாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. ஒரு விளிம்பு இரண்டாகப் பிரிந்தால் எது வாரிசு? நம் பிராக்கெட்டில் முன் விளிம்பு அப்படித்தான் பிரிந்தது. 200 மி.மீ. நீளக் கோட்டின் நடுவை ட்ரிம் செய்ததும் இரண்டு 80 மி.மீ. துண்டுகள் மிஞ்சின. பழைய கோட்டின் அடையாளம் ஒரு துண்டோடு போகும், மற்றதற்குப் புதிய அடையாளம் கிடைக்கும். விலாத் தகட்டின் ஸ்கெட்ச் "முன் விளிம்பின் நடுப்புள்ளி"யைப் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இடது துண்டின் நடுப்புள்ளியாகிவிடும். இடது ஓரத்திலிருந்து 100 மி.மீ.இல் இருந்த விலா இப்போது 40 மி.மீ.இல். அறுபது மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது, பட்டியலில் ஒரு சிவப்புக் குறி கிடையாது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரி: விளிம்பு கிடைத்தது, நடுப்புள்ளி கிடைத்தது.

சிவப்பைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இதற்குத்தான் பயப்பட வேண்டும். ரெஃபரன்ஸ் தொலைந்தது என்று வாய்விட்டுச் சொல்லும் ஸ்கெட்ச் உங்களை நிறுத்திக் கேட்கிறது. தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் ஸ்கெட்ச் நேராகத் தகடு வெட்டும் மெஷினுக்குப் போய்விடும். ஆலையில் பொருத்தும்போதுதான் தெரியும், ஷாஃப்ட் ஒரு பக்கம், பேரிங் ஒரு பக்கம். மென்பொருள் தானாக ஊகித்துச் சேர்த்துக்கொள்வதை வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும் மென்பொருளே பட்டறைக்கு லாயக்கு.

சரி, பழுதுபார்ப்புக்கு வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது வரிசை. பட்டியலில் இருபது சிவப்புக் குறி இருந்தாலும், பெரும்பாலும் உண்மையான காயம் ஒன்றோ இரண்டோதான். மற்றவை எல்லாம் மேலே உள்ளது விழுந்ததால் கூடவே விழுந்தவை. அதனால் மிக மேலே இருக்கும் குறியிலிருந்து தொடங்க வேண்டும். சாலிட்வொர்க்ஸில் ரோல்பேக் கோட்டை அதற்குக் கீழே இழுத்து வைக்கலாம். இன்வென்டரில் எண்ட் ஆஃப் பார்ட் குறி, ஃப்யூஷனில் டைம்லைன் முள். கீழே உள்ளவை அப்போதைக்குக் கணக்கில் வராது, திரையும் அமைதியாக இருக்கும். மேலே ஒன்றைச் சரிசெய்து கோட்டைக் கீழே இறக்கினால், பத்துப் பன்னிரண்டு சிவப்பு தானே அணைந்துவிடுவதைப் பார்க்கலாம். கீழிருந்து மேலே பழுதுபார்ப்பவர்கள் இதை ஒருநாளும் பார்க்க மாட்டார்கள், பாவம்.

அந்த ஸ்கெட்ச்சுக்குள் போகும் முன்பே அது உட்கார்ந்திருக்கும் தளத்தைக் கவனியுங்கள். தளம் தொலைந்திருந்தால் உள்ளே இருக்கும் எந்தக் கோட்டைத் தொட்டும் பயனில்லை. சாலிட்வொர்க்ஸில் எடிட் ஸ்கெட்ச் பிளேன், இன்வென்டரில் ரீடிஃபைன், ஃப்யூஷனில் ரீடிஃபைன் ஸ்கெட்ச் பிளேன், ஃப்ரீகேட்டில் அட்டாச்மென்ட். புதிய முகத்தைக் காட்டியதும் எழும் அடுத்த தொல்லை திசை. ஸ்கெட்ச்சின் எக்ஸ் அச்சு வேறு பக்கம் திரும்பிவிடலாம், மூலப்புள்ளி வேறு முனைக்குப் போகலாம். துளைகள் 90 பாகை சுழன்று நிற்கும், அல்லது வெட்டு உள்ளே போகாமல் வெளியே காற்றை வெட்டும். ஸ்கெட்ச்சில் எழுத்து ஏதாவது இருந்தால் கண்டுபிடிப்பது எளிது, கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறித் தெரியும். இந்த நிலையில் கோடுகளை இழுத்து இழுத்து இடத்தில் வைக்க முயலாதீர்கள். தளத்தின் திசையை முதலில் திருப்புங்கள், கோடுகள் தாமே வந்துவிடும்.

அப்புறம் வெளி விளிம்புகள். ஸ்கெட்ச்சுக்குள் கொண்டுவந்த வெளிக் கோடுகளை ஃப்ரீகேட் மெஜந்தா நிறத்திலும் ஃப்யூஷன் ஊதாவிலும் காட்டும். சாலிட்வொர்க்ஸில் பிடி விட்டுப்போன அளவும் உறவும் (இணை, செங்குத்து மாதிரி கோடுகளுக்கிடையே போடும் கட்டு) பழுப்பு நிறத்துக்கு மாறும், அதை டேங்கிளிங் என்பார்கள். அங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. பழுப்பான அளவைத் தொட்டால் விட்டுப்போன முனையில் சிவப்பாக ஒரு சிறு கட்டம் தோன்றும். அதைப் பிடித்து இழுத்துச் சரியான விளிம்பின் மேல் விட்டால் போதும், அளவு உயிர் பெற்றுவிடும். அழிக்கவும் வேண்டாம், எண்ணை மறுபடி தட்டவும் வேண்டாம். இன்வென்டரில் ஸ்கெட்ச் டாக்டர் என்ற கருவி எது விட்டுப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்.

ஃப்ரீகேட்டில் கொஞ்சம் நிதானம் தேவை. கெட்டுப்போன வெளிக் கோட்டை அழித்தால், அதைப் பிடித்திருந்த கட்டுப்பாடுகளும் (முன்னே சொன்ன அளவும் உறவும்தான்) கூடவே போய்விடும். எது எதோடு கட்டப்பட்டிருந்தது என்ற தகவலும் அதோடு சரி. ஆகவே முதலில் சரியான விளிம்பைப் புதிதாக உள்ளே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் அதன் மேல் மறுபடி போட்டுவிட்டு, பழையதை எடுங்கள். வேலிடேட் ஸ்கெட்ச் கருவியில், வெளிக் கோடுகளோடு உள்ள கட்டுப்பாடுகளை எல்லாம் ஒரே அடியாக நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதில் கை வைக்கவும். முடிவில் ஸ்கெட்ச் முழுவதும் பச்சையாக வேண்டும். சாலிட்வொர்க்ஸில் கறுப்பாக வேண்டும். நீலம் மிச்சம் இருந்தால் ஏதோ ஒன்று இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தெரியும். எல்லா உறவையும் நீக்கிவிட்டு, கோடுகளை ஃபிக்ஸ் என்று பூட்டிவிடுவது. சிவப்பு உடனே போய்விடும், முதலாளி தவுக்கேயும் சந்தோஷப்படுவார். அடுத்த முறை தட்டின் நீளத்தை 200லிருந்து 240 ஆக்கினால் துளைகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், அப்போதும் சிவப்பு வராது. இனி யாரும் தொடப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பாகத்துக்கு இது பரவாயில்லை. ஆலைப் பாகங்களில் அப்படி ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அண்ணே, ஒரு கோட்டத்தான அழிச்சேன், அதே இடத்துல அதே அளவுல திரும்ப வரைஞ்சிட்டேனே, அப்புறம் ஏன் எல்லாம் போச்சு?" நியாயமான கேள்வி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு கோடுகள். கோடு பிறந்தபோது கிடைத்த உள் அடையாள எண் அழித்ததும் செத்துப்போகிறது. புதியது வேறு எண்ணோடு வரும். அந்தக் கோட்டிலிருந்து பிறந்த முகம், அதன் விளிம்பு, அதில் போட்ட ஃபில்லெட் (விளிம்பை உருட்டும் வளைவு), அந்த முகத்தில் உட்கார்ந்த ஸ்கெட்ச் எல்லாமே பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். "தம்பி, அழிக்காத, இழு" என்பதுதான் பதில். கோட்டை இழுத்து நீட்டலாம், சாய்க்கலாம், அளவை மாற்றலாம், அடையாளம் கெடாது. நேர்கோட்டுக்குப் பதில் வளைவு வேண்டும் என்றால் சாலிட்வொர்க்ஸில் ரீப்ளேஸ் என்டிட்டி இருக்கிறது, பழைய கோட்டின் பிடிகளை எல்லாம் புதியதிடம் ஒப்படைத்துவிடும்.

அடுத்த முறை இவ்வளவு பாடுபடாமல் இருக்க வேண்டும் என்றால், ஸ்கெட்ச் எதைப் பிடிக்கிறது என்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் வேண்டும். முகங்களும் விளிம்புகளும் நிலையில்லாதவை. மூலத்தளங்கள் மூன்றும் மூலப்புள்ளியும் எந்த மாற்றத்திலும் சாகாது. பிராக்கெட்டைத் தொடங்கும்போதே செவ்வகத்தின் நடுவை மூலப்புள்ளியில் வைத்திருந்தால், விலாவுக்கு முன் விளிம்பின் நடுப்புள்ளியே தேவைப்பட்டிருக்காது. நடுத்தளத்தைப் பிடித்திருக்கும், பைப்புக்காக எங்கே வெட்டினாலும் அசைந்திருக்காது. துளைகளின் ஸ்கெட்ச்சை மேல் முகத்தில் வைப்பதற்குப் பதில் மூலத்தளத்திலேயே வைத்து, அங்கிருந்து தட்டு முழுக்க வெட்டும்படி சொல்லலாம். கொஞ்சம் பெரிய அமைப்பு என்றால் முதலில் ஒரே ஒரு எலும்புக்கூடு ஸ்கெட்ச்: ஷாஃப்டின் மையம், போல்ட் இடைவெளி, உயரம், அவ்வளவுதான். மற்ற ஸ்கெட்ச்கள் எல்லாம் அதைப் பிடிக்கட்டும், ஒன்றின் விளிம்பை இன்னொன்று பிடிக்க வேண்டாம். ஃபில்லெட்டும், விளிம்பைச் சாய்வாகச் சீவும் சாம்ஃபரும் பட்டியலின் கடைசியில். விளிம்புகளைத் தின்று புதிய விளிம்புகளை உண்டாக்குவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

அவசர வேலைக்கு இன்னொன்றும் உண்டு. போர்மேன் போன் செய்து வெட்டச் சொன்னால், முதல் ஸ்கெட்ச்சைத் திறக்காமல், பட்டியலின் அடியில் தனி வெட்டாகச் சேர்க்கலாம். மேலே உள்ள ஃபீச்சர்கள் அந்த வெட்டைப் பார்ப்பதே இல்லை, அதனால் எதுவும் கெடாது. இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆலை நின்றுகிடக்கும்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. அந்த வெட்டுக்கு 'பைப் வழி' என்று ஒரு பெயர் மட்டும் வைத்துவிடுங்கள், கட்17 என்று விட்டுவிடாதீர்கள்.

பல பாகங்களைச் சேர்த்துக் கட்டும் அசெம்பிளியில் ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் விளிம்பைப் பிடித்திருந்தால் கதை கொஞ்சம் வேறு. அங்கே வடிவம் மாறாமலே பிடி போகலாம், யாரோ கோப்பின் பெயரை மாற்றி இன்னொரு போல்டருக்கு நகர்த்தியிருந்தாலே போதும். சாலிட்வொர்க்ஸில் ஃபீச்சர் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்து வந்தால், எந்த ஃபீச்சரையும் தொடாமல் முதலில் கோப்புகள் எங்கே போயின என்று பாருங்கள். யுஎஸ்பியில் போட்டுக் கொடுக்கும்போது பேக் அண்ட் கோ மூலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் பாதித் தொல்லை வராது.

எல்லாம் பச்சையானதும் வரைபடத்தை வெட்டக் கொடுக்கும் முன் எடையைப் பாருங்கள். நம் தட்டில் போன வெட்டு 40 × 30 × 12, அதாவது 14,400 கன மி.மீ. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், ஆக 113 கிராம் குறைய வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய எடையைக் குறித்து வைத்திருந்தால், இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். எங்காவது ஒரு துளை பக்கச் சுவரில் புகுந்திருந்தால் எண் உடனே காட்டிக்கொடுக்கும். அறுபது மில்லிமீட்டர் நகர்ந்த விலாவை எடை காட்டாது, நகர்ந்தாலும் அதன் எடை அதேதான். அதைப் பிடிக்க, எடை தெரியும் அதே பெட்டியில் ஈர்ப்பு மையத்தின் எக்ஸ் மதிப்பைப் படிக்க வேண்டும். மூலப்புள்ளி நடுவில் இருந்து, பாகம் இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தால், அந்த மதிப்பு பூஜ்யமாக வர வேண்டும்.